கார்பன் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வாயுவைப் படிப்பது எப்படி? சிடபிள்யூ லியோனிஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மக நட்சத்திரத்துக்கு மேற்கே சுமார் ஐந்து டிகிரி தள்ளி ஒரு முதிய நட்சத்திரம் இருக்கிறது. பெயர் சிடபிள்யூ லியோனிஸ். வெறும் கண்ணுக்குத் தெரியாது, மொட்டைமாடித் தொலைநோக்கிக்கும் சிக்காது. ஆனால் 5 மைக்ரான் அகச்சிவப்பு அலைநீளத்தில் பார்த்தால், சூரியக் குடும்பத்துக்கு வெளியே மொத்த வானத்திலும் மிகப் பிரகாசமான பொருள் இதுதான். 1960களில் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 62 அங்குலத் தொலைநோக்கியை வைத்து நடத்திய அகச்சிவப்புக் கணக்கெடுப்பில் சிக்கியது. 1969-ல் பெக்லினும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பட்டியலின்படி இதற்கு ஐஆர்சி+10216 என்று இன்னொரு பெயரும் உண்டு.

கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம், அது தானே ஊதித்தள்ளிய கரி. அந்தக் கரியோடு சேர்ந்து வெளியேறும் வாயுவில் இதுவரை 80-க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்பன் நட்சத்திர வேதியியலைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பிளஸ் டூ வேதியியலும், கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் கைவசம் இருந்தால் போதும், கீழே உள்ள படிகளைப் பின்பற்றலாம்.

படி 1: கார்பனையும் ஆக்சிஜனையும் எண்ணிக் கழியுங்கள்

எந்த முதிய ராட்சத நட்சத்திரத்தை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கார்பன் அணு அதிகமா, ஆக்சிஜன் அணு அதிகமா?

ஏன் என்றால், கார்பன் மோனாக்சைடின் பிணைப்பை உடைக்க 11.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இரண்டு அணு மூலக்கூறுகளிலேயே இதுதான் மிக உறுதியானது. சுமார் 2,500 கெல்வின் வெப்பத்திலும் அது கலையாமல் நிற்கும். எனவே கார்பனும் ஆக்சிஜனும் சந்திக்கும் இடத்தில் எது குறைவோ அது முழுவதும் கார்பன் மோனாக்சைடுக்குள் முடங்கிவிடும். மிஞ்சியது எதுவோ அதுவே மீதி வேதியியலை நடத்தும்.

சூரியனில் 100 ஆக்சிஜன் அணுவுக்கு ஏறக்குறைய 55 கார்பன் அணு. இதே விகிதத்தில் ஒரு நட்சத்திரம் குளிர்ந்தால் 45 ஆக்சிஜன் மிஞ்சும். அது நீராகவும் சிலிகான் மோனாக்சைடாகவும், தூசு நிலையில் சிலிகேட்டாகவும் மாறும். திருவாதிரை நட்சத்திரம் இந்த ஆக்சிஜன் கட்சியைச் சேர்ந்தது. சிடபிள்யூ லியோனிஸில் 100 ஆக்சிஜனுக்கு சுமார் 140 கார்பன். கழித்தால் 40 கார்பன் மிச்சம். அந்த 40-தான் அசிட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனோசல்ஃபைடு, கரித்தூள் எல்லாமாக ஆகிறது.

அசிட்டிலீன் நமக்குப் புதிதல்ல. கேஸ் வெல்டிங் பட்டறையில் எரிவதும், மாம்பழம் பழுக்க வைக்கும் கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் கிளம்புவதும் அதே வாயுதான். 1976-ல் இந்த நட்சத்திரத்தின் அகச்சிவப்பு நிறமாலையில் அதன் தடம் கிடைத்தது.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்குக் கார்பன் மோனாக்சைடு ஆறு முதல் பத்துதான் இருக்கும். அசிட்டிலீன் ஒன்றுக்கும் குறைவு. நாம் பேசப்போகும் அத்தனை வேதியியலும் இந்தச் சிறு பங்குக்குள்தான் நடக்கிறது.

படி 2: அந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிறக்கும்போது இந்த நட்சத்திரமும் ஆக்சிஜன் மிகுந்ததாகவே இருந்தது. முதுமையில் அதன் நடுவே எரிந்து முடிந்த கார்பன்–ஆக்சிஜன் கரு, அதைச் சுற்றி ஹீலியம் அடுக்கு, அதற்கு மேல் ஹைட்ரஜன் அடுக்கு என்று அமைகிறது. ஹீலியம் அடுக்கு சீராக எரியாது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை திடீரென்று பற்றிக்கொள்ளும். மூன்று ஹீலியம் அணுக்கரு சேர்ந்து ஒரு கார்பன் உருவாகும். அந்தக் கொந்தளிப்பு அடங்கும்போது, மேலே இருக்கும் கொதிக்கும் உறை ஆழம் வரை இறங்கி, புதிய கார்பனை வாரி மேலே கொண்டுவரும். ஒவ்வொரு முறையும் கார்பன் கொஞ்சம் ஏறும். ஒரு கட்டத்தில் ஆக்சிஜனைத் தாண்டிவிட்டால் கார்பன் நட்சத்திரம் தயார்.

சூரியனைப் போல ஒன்றரை முதல் நான்கு மடங்கு வரை எடை கொண்டவற்றுக்கே இந்தப் பாதை பொதுவாக அமைகிறது. அதைவிடக் கனமானவற்றில் உறையின் அடிப்பாகம் மிகச் சூடாகி, கிடைக்கும் கார்பனை நைட்ரஜனாக மாற்றிவிடும்.

உள்ளே சமைத்தது மேற்பரப்புக்கு வருகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி டெக்னீஷியம் என்ற கதிரியக்கத் தனிமம். 1952-ல் பால் மெரில் சில ராட்சத நட்சத்திரங்களின் ஒளியில் அதைக் கண்டார். அதன் அரை ஆயுள் சுமார் 2.1 லட்சம் வருடம். நட்சத்திரத்தின் வயதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. பிறக்கும்போது இருந்திருந்தால் எப்போதோ அழிந்திருக்கும். ஆக, அது அங்கேயே, அண்மையில் உருவாகியிருக்க வேண்டும்.

படி 3: தூரத்தைக் காலமாக மாற்றுங்கள்

இந்த ஒரு படி கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. வாயு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி வினாடிக்கு 14.5 கி.மீ. என்ற ஏறக்குறைய மாறாத வேகத்தில் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. எனவே நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு காலத்துக்கு முன் அது கிளம்பியது என்று பொருள்.

கணக்கு இதோ. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 15 கோடி கி.மீ. இதை ஒரு வானியல் அலகு என்போம். 14.5 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க நான்கு மாதம் ஆகும். அப்படியானால் வருடத்துக்கு மூன்று வானியல் அலகு.

படத்தில் தெரிவதோ கோண அளவு. அதை மாற்ற ஒரு சுலபமான வழி உண்டு: கோண வினாடியை (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) பார்செக் கணக்கிலான தூரத்தால் பெருக்கினால் நேரடியாக வானியல் அலகு வந்துவிடும். சிடபிள்யூ லியோனிஸ் சுமார் 130 பார்செக் தொலைவில், அதாவது 420 ஒளியாண்டு அளவில் இருக்கிறது. 15 கோண வினாடி ஆரத்தில் ஒரு வளையம் தெரிந்தால் 15 × 130 = 1,950 வானியல் அலகு. மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 650 வருடம். அந்த வளையத்தில் இருக்கும் வாயு நட்சத்திரத்தை விட்டுக் கிளம்பி 650 வருடம் ஆகிறது.

எடையையும் பார்த்துவிடுவோம். இந்த நட்சத்திரம் வருடத்துக்குச் சூரிய எடையில் லட்சத்தில் இரண்டு பங்கை இழக்கிறது. அதாவது ஒவ்வொரு வருடமும் ஆறேழு பூமிகளின் எடை வெளியே போகிறது.

படி 4: நட்சத்திரத்தை ஒட்டிய பகுதியில் சமநிலையை மட்டும் நம்பாதீர்கள்

மேற்பரப்பை ஒட்டி வாயு அடர்த்தியாகவும் சூடாகவும் இருக்கிறது. அங்கே வினைகள் மிக வேகமாக நடப்பதால், வெப்பம், அழுத்தம், தனிமங்களின் விகிதம் மூன்றும் தெரிந்தால் எந்த மூலக்கூறு எவ்வளவு இருக்கும் என்பதைச் சமநிலைக் கணக்கே சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடு, அசிட்டிலீன், ஹைட்ரஜன் சயனைடு, சிலிகான் சல்ஃபைடு ஆகியவை இந்தக் கணக்குக்கு ஒத்தே கிடைக்கின்றன. 1987-ல் செர்னிச்சாரோவும் கெலானும் இங்கே சோடியம் குளோரைடைக் கண்டார்கள். நம் சமையலறை உப்பேதான், ஆனால் ஆவியாக. கூடவே பொட்டாசியம் குளோரைடும் அலுமினியம் குளோரைடும் கிடைத்தன.

சரி, சமநிலைக் கணக்கு போதுமா? போதாது. இந்த நட்சத்திரம் சுமார் 630 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு அதிர்வலையை வெளியே அனுப்பும். அலை கடக்கும்போது வாயு சட்டென்று சூடாகி மூலக்கூறுகள் உடையும். அப்புறம் வேகமாகக் குளிரும்போது, சமநிலைக்கு நேரம் கிடைக்காமலே வேறு விதமாகச் சேரும். கார்பன் மோனாக்சைடு உடைந்து கொஞ்சம் ஆக்சிஜன் விடுபட்டால் சிலிகான் மோனாக்சைடு உருவாக வழி கிடைக்கிறது.

இந்த இடத்தில் நீரின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். படி 1-ன் கழித்தல் கணக்குப்படி இங்கே நீருக்கு இடமே இல்லை. ஆனால் 2001-ல் ஸ்வாஸ் விண்கலம் இங்கே நீராவியின் நிறமாலைக் கோடு ஒன்றைப் பார்த்தது. பனி நிறைந்த வால்மீன்கள் கூட்டமாக ஆவியாகின்றன என்று முதலில் விளக்கினார்கள். அழகான யோசனை. அப்படியானால் நீர் தொலைவில், குளிர்ந்த பகுதியில் மட்டுமே இருக்க வேண்டும். 2010-ல் ஹெர்ஷெல் விண்தொலைநோக்கியை வைத்து லீன் டெசினின் குழு பார்த்தபோது, சூடான நீரின் கோடுகள் வரிசையாகக் கிடைத்தன. நீர் நட்சத்திரத்துக்கு மிக அருகிலேயே இருந்தது. வால்மீன் விளக்கம் அதோடு விழுந்தது. வாயு ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக இருக்கிறது, இடைவெளிகள் வழியே வெளியிலிருந்து புற ஊதா ஒளி உள்ளே நுழைந்து கார்பன் மோனாக்சைடை உடைக்கிறது என்று அந்தக் குழு விளக்கியது. அதிர்வலைகளே போதும் என்போரும் உண்டு. ஒளிந்திருக்கும் துணை நட்சத்திரம் ஒன்று புற ஊதா ஒளியைத் தரலாம் என்ற கருத்தும் பின்னால் வந்தது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக நல்ல பாடம் இந்த நீர்தான்: கழித்தல் கணக்கு சரியானது, ஆனால் அது வாயுவைத் தொந்தரவு செய்ய யாரும் இல்லாதபோது மட்டுமே.

படி 5: தூசு உருவாகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நட்சத்திர ஆரத்தைப் போலச் சில மடங்கு தூரத்தில் வெப்பம் 1,500 கெல்வினுக்குக் கீழே இறங்குகிறது. அங்கே திடப்பொருள் உருவாகும். பெரும்பங்கு ஒழுங்கற்ற கரித்தூள்; கூடவே சிலிகான் கார்பைடு, உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் அதே பொருள். நிறமாலையில் 11.3 மைக்ரானில் மேடு தெரிந்தால் சிலிகான் கார்பைடு. 30 மைக்ரான் பக்கம் அகலமான மேடு தெரிந்தால் மெக்னீசியம் சல்ஃபைடு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆக்சிஜன் நட்சத்திரமானால் 9.7 மைக்ரானில் சிலிகேட் தெரியும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே இரண்டு கட்சியையும் பிரித்துவிடலாம்.

காற்றாக வாயு வெளியேறுவதற்குத் தூசுதான் காரணம். துடிப்பு வாயுவை மேலே தூக்கிப் பிடிக்கிறது. அந்த உயரத்தில் உருவாகும் தூசை, சூரியனைப் போல ஏறக்குறைய 10,000 மடங்கு பிரகாசமான ஒளி வெளியே தள்ளுகிறது. தூசு தன்னோடு வாயுவையும் இழுத்துச் செல்கிறது. கரித்தூள் ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் கார்பன் நட்சத்திரத்தில் இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்கிறது.

இந்தத் தூசைக் கையில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1950-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் விழுந்த மரே விண்கல்லிலிருந்து, சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான சிலிகான் கார்பைடு துகள்களை 1987-ல் அடையாளம் கண்டார்கள். அவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் சூரியக் குடும்பத்தில் எதற்கும் ஒத்துவரவில்லை. பெரும்பாலானவை கார்பன் நட்சத்திரங்களோடு ஒத்துப்போயின. சிடபிள்யூ லியோனிஸ் இன்று செய்துகொண்டிருக்கும் அதே வேலையை வேறு ஏதோ நட்சத்திரங்கள் 460 கோடி வருடத்துக்கு முன்பே செய்து முடித்ததன் மிச்சம் அது.

படி 6: வெளி வளையத்தில் ஒளி செய்யும் வேலையைப் பின்தொடருங்கள்

தூசு உருவான பிறகு வாயு விரிந்து குளிர்ந்து, நூற்றாண்டுக் கணக்கில் பெரிதாக எதுவும் நடக்காமல் போகிறது. தூசுப் போர்வை வெளியுலகின் புற ஊதா ஒளியைத் தடுத்துவிடும். ஆனால் விரிய விரியப் போர்வை மெலிகிறது. நாம் படி 3-ல் கணக்கிட்ட 15 கோண வினாடி அளவில், மற்ற நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி உள்ளே வந்துவிடுகிறது. அங்கே மீண்டும் வேதியியல் சூடுபிடிக்கிறது, வெப்பம் சில பத்து கெல்வின்தான் என்றாலும்.

முதல் வேலை உடைப்பது. ஹைட்ரஜன் சயனைடில் ஹைட்ரஜன் போனால் சயனைடு ரேடிக்கல். அசிட்டிலீனில் ஒரு ஹைட்ரஜன் போனால் எத்தினைல் ரேடிக்கல். இரண்டும் வினைக்குத் துடிக்கும் துண்டுகள். இவற்றுக்கு அசிட்டிலீனோடு சேர வெப்பம் தேவையில்லை, கடக்க வேண்டிய ஆற்றல் தடையே இல்லை. சயனைடு ரேடிக்கலும் அசிட்டிலீனும் மோதினால் சயனோஅசிட்டிலீன் உருவாகி ஒரு ஹைட்ரஜன் விடுபடும். எத்தினைலும் அசிட்டிலீனும் மோதினால் டைஅசிட்டிலீன். அதிலிருந்து ஒளி மீண்டும் ஒரு ஹைட்ரஜனைத் தட்டிவிட்டால் நான்கு கார்பன் சங்கிலி. அது இன்னொரு அசிட்டிலீனைப் பிடித்தால் ஆறு கார்பன். இப்படி இரண்டிரண்டாக நீண்டு, எட்டு ஒன்பது கார்பன் கொண்ட சங்கிலிகள் வரை பார்த்திருக்கிறார்கள்.

இந்தச் சங்கிலிகள் பூமியிலும் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு வழிவிட்டன. கார்பன் நட்சத்திரத்தில் நீண்ட சங்கிலிகள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க ஹாரி குரோட்டோ ஆசைப்பட்டார். 1985-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கர்ல், ஸ்மாலி ஆகியோரின் ஆய்வகத்தில் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கினார்கள். சங்கிலிகளோடு, யாரும் எதிர்பாராத 60 கார்பன் பந்தும் வந்தது. 1996-ல் மூவருக்கும் நோபல் பரிசு. 2010-ல் டிசி 1 என்ற கோள்வடிவ நெபுலாவில், ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவில், அந்தப் பந்து விண்வெளியிலும் இருப்பது தெரிந்தது.

வளையத்தில் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. சீராக விரியும் வாயு என்று வைத்துக் கணக்கிட்டால், சிறிய சங்கிலியும் பெரிய சங்கிலியும் வெவ்வேறு ஆரத்தில் உச்சம் தொட வேண்டும். ஆனால் படங்களில் அவை ஏறக்குறைய ஒரே ஆரத்தில் நிற்கின்றன. காற்று சீராக வீசவில்லை என்பது தெரிந்ததே: தூசு சிதறடிக்கும் ஒளியில் 200 முதல் 800 வருட இடைவெளியில் முழுமையடையாத பல ஓடுகள் தெரிகின்றன. அடர்த்தியான ஓட்டில் எல்லா வினையும் ஒன்றாக வேகமெடுக்கிறது என்பது எனக்குச் சரியான திசையாகப் படுகிறது.

படி 7: கோட்டின் வடிவத்தைப் படியுங்கள்

இனி தரவு. மூலக்கூறு சுழலும்போது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ரேடியோ அலை வெளியிடும். கார்பன் மோனாக்சைடின் முதல் கோடு 115.271 கிகாஹெர்ட்ஸ். நம்மை நோக்கி வரும் வாயுவும் விலகிப் போகும் வாயுவும் அந்தக் கோட்டை இருபுறமும் இழுப்பதால், மொத்த அகலம் விரிவு வேகத்தைப் போல இரு மடங்கு, வினாடிக்கு 29 கி.மீ. ஒளியின் வேகமான 3 லட்சம் கி.மீ.யால் வகுத்து 1,15,271 மெகாஹெர்ட்ஸால் பெருக்குங்கள்: 11 மெகாஹெர்ட்ஸ். உங்கள் வரைபடத்தில் கோடு இந்த அகலத்தில் இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். நடுப்பகுதி வினாடிக்கு −26.5 கி.மீ. அருகிலும், ஓரங்கள் −41, −12 அருகிலும் இருக்க வேண்டும் (நட்சத்திரமே நம்மை நோக்கி வருவதால்தான் கழித்தல் குறி).

அடுத்து உச்சியைப் பாருங்கள். வளைந்த மேடாக இருந்தால் வாயு அந்தக் கோட்டுக்கு ஒளி புகாத அளவு அடர்ந்திருக்கிறது. உச்சி தட்டையாக இருந்தால் வாயு மெலிதாக இருக்கிறது, தொலைநோக்கிக்கு மொத்தமும் ஒரு புள்ளியாகவே படுகிறது. இரண்டு ஓரத்திலும் கொம்பு முளைத்து நடுவில் பள்ளம் இருந்தால், மூலக்கூறு தொலைநோக்கியின் பார்வையைவிடப் பெரிய கூட்டில் இருக்கிறது. கோடு 29 கி.மீ.யைவிடக் குறுகியிருந்தால், முழு வேகம் எட்டாத உள்பகுதி வாயு. படமே எடுக்காமல், கோட்டின் வடிவம் மட்டும் மூலக்கூறின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது.

படி 8: கோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

நேர்கோட்டு மூலக்கூறின் கோடுகள் சீப்பின் பற்கள் போலச் சம இடைவெளியில் வரும். நீளமான, கனமான மூலக்கூறுக்கு இடைவெளி குறையும். சயனோஅசிட்டிலீனுக்கு 9.1 கிகாஹெர்ட்ஸ்: 90.98, 100.08, 109.17 என்று வரும். அதைவிட இரண்டு கார்பன் நீண்ட சங்கிலிக்கு இடைவெளி 2.66 மட்டுமே. அதிர்வெண்களை கொலோன் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்திலும் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரியின் பட்டியலிலும் இலவசமாகத் தேடலாம். ஒரே ஒரு கோடு பொருந்தினால் நம்பாதீர்கள். அடுத்த பல்லும் அதற்கடுத்த பல்லும் சரியான இடத்தில், சரியான பலத்தில் இருக்க வேண்டும்.

1995-ல் ஜப்பானின் நோபேயாமா 45 மீட்டர் தொலைநோக்கியில் எடுத்த பெரிய ஆய்வில், 2,754 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரு வரிசை கிடைத்தது. யாருடையது என்று தெரியவில்லை. சுழற்சி மாறிலி (இடைவெளியில் பாதி) 1,377 என்பதால் பி1377 என்று பெயரிட்டு வைத்தார்கள். 2006-ல் மெக்கார்த்தி, காட்லீப், குப்தா, தாடியஸ் நால்வரும் ஆய்வகத்தில் ஆறு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் கொண்ட எதிர் அயனியை உருவாக்கி அளந்தார்கள். பொருந்தியது. விண்வெளியில் கண்ட முதல் எதிர்மின் மூலக்கூறு அயனி அது. வெளி வளையத்தில் புற ஊதா ஒளி விடுவிக்கும் எலக்ட்ரான்களை நீண்ட சங்கிலிகள் எளிதில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சங்கிலி நீள நீளப் பிடிமானம் கூடுகிறது.

படி 9: அளவைக் கணக்கிடும்போது அடர்ந்த கோட்டிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கோட்டின் பலத்தை நேரடியாக எண்ணிக்கையாக மாற்றலாம், வாயு அந்தக் கோட்டுக்கு மெலிதாக இருந்தால் மட்டும். ஒரே மூலக்கூறின் பல கோடுகளை ஆற்றலுக்கு எதிரே வரைந்தால் சாய்வு வெப்பத்தையும், அச்சை வெட்டும் இடம் மூலக்கூறின் அளவையும் தரும். கார்பன் மோனாக்சைடு போன்ற அடர்ந்த கோட்டில் இது ஏமாற்றும். அங்கே கார்பன்-13 கொண்ட அரிய வடிவத்தை அளந்து, ஐசோடோப்பு விகிதத்தால் பெருக்குங்கள். இந்த நட்சத்திரத்தில் கார்பன்-12க்கும் 13க்கும் உள்ள விகிதம் சுமார் 45. சூரியக் குடும்பத்துக்கான 89-ஐப் போட்டால் விடை இரண்டு மடங்காகிவிடும்.

படி 10: நீங்களே தரவை எடுத்துப் பாருங்கள்

சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கித் தொகுதியின் தரவு, ஆய்வாளருக்கான தனியுரிமைக் காலம் முடிந்ததும் பொதுவில் வந்துவிடும். காப்பகத்தில் நட்சத்திரத்தின் பெயரைத் தேடி, தயார் செய்த முப்பரிமாணத் தரவுக் கோப்பை இறக்கி, கார்ட்டா என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். நடு வேகமான −26.5க்குப் போனால் ஓட்டின் குறுக்குவெட்டு முழு வளையமாகத் தெரியும். −41 பக்கம் நகர்த்த நகர்த்த வளையம் சுருங்கி, நம்மை நோக்கி வரும் முன்பக்கத் தொப்பியாக முடியும். முதலில் சிலிகான் சல்ஃபைடைத் திறந்து நடுவில் குவிந்திருப்பதைப் பாருங்கள். அப்புறம் சயனோஅசிட்டிலீனைத் திறந்து, அது வெளியே ஓடாக நிற்பதைப் பாருங்கள். ஸ்கேல் வைத்து ஆரத்தை அளந்து படி 3-ன் கணக்கைப் போடுங்கள்.

இது பழகியதும் ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்ற இன்னொரு கார்பன் நட்சத்திரத்துக்குப் போகலாம். 2012-ல் ஆல்மா அங்கே ஒரு மெல்லிய ஓட்டையும் அதற்குள் ஒரு சுருளையும் கண்டது. ஓடு, சுமார் 1,800 வருடத்துக்கு முன் நடந்த ஹீலியம் எரிப்பின் விளைவு. சுருள், துணை நட்சத்திரம் ஒன்று வாயுவைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதால் வந்தது. அங்கே விரிவு வேகம் காலத்தோடு மாறியிருக்கிறது. அதனால் ஒரே வேகத்தைப் போட்டு வயது கணக்கிடாமல், சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்துகொண்டு தொடங்குங்கள்.